வராதே என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனால் வத்தல்மலை. காபியும் மிளகும் விளைகிற ஊர். அங்கே ஒரு விவசாயியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகளைப் பிரசவத்துக்காகக் கீழே தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். மொபைல் அடிக்கிறது. களத்தில் காயப்போட்ட காபிக்கொட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து எடுக்கிறார்.

'வாழ்த்துகள்! உங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பர்சனல் லோன்...'

பேசுவது ஆள் அல்ல, பதிவு செய்த குரல். இவர் திட்டினாலும் அதற்குக் கேட்காது.

கட் பண்ணிவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். இப்படி நாலு முறை ஏமாந்தவர் ஐந்தாவது முறை போனை எடுக்க மாட்டார். அந்த ஐந்தாவது அழைப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததாக இருந்தால்? தெரியாத நம்பர் என்றாலே எடுக்காத பழக்கம் இன்று நம் எல்லோருக்கும் வந்துவிட்டது. டெலிபோன் மணி மீது நமக்கு இருந்த நம்பிக்கையை யாரோ விற்றுக் காசாக்கிவிட்டார்கள். நஷ்டம் நமக்கு, லாபம் அவர்களுக்கு.

சட்டம் இல்லையா? விதிகள் நிறையவே இருக்கின்றன. இந்தத் தொல்லைக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்தது. 2007-ல் டிராய் விதிமுறை கொண்டுவந்தது. 'தொந்தரவு செய்யாதே' பட்டியல் வந்தது. 2010-ல் இன்னொரு விதிமுறை, 2018-ல் மேலும் ஒன்று. 2025 பிப்ரவரியில் அதற்கும் ஒரு திருத்தம். முன்பு மூன்று நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், இப்போது ஏழு நாள் அவகாசம். பதிவு பெறாத டெலிமார்க்கெட்டர் மீது புகார் செய்ய, நாம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. புகார் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும் போன் கம்பெனிக்கு முதல் முறை 2 லட்சம், அடுத்து 5 லட்சம், அதன்பின் ஒவ்வொரு முறையும் 10 லட்சம் ரூபாய் அபராதம்.

நல்லதுதான். ஆனால் அடிப்படையே தலைகீழாக இருக்கிறது. என் வீட்டுக்குள் வராதே என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடுக்காதவன் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாமாம். இது என்ன நியாயம்? வந்துவிட்டால் அழைத்த நம்பர், தேதி, என்ன பேசினார்கள் என்று எல்லாம் குறித்து 1909-க்கு அனுப்ப வேண்டியதும் நாம்தான். காபிக்கொட்டையை விட்டுவிட்டு ஓடி வந்தவர் இனி குமாஸ்தா வேலையும் பார்க்க வேண்டும். அபராதம் வசூலானாலும் அவருக்கு ஒரு பைசா கிடைக்காது.

அமெரிக்காவை எல்லா விஷயத்திலும் காப்பியடிக்கும் நாம், இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம். அங்கே 1991-லேயே வந்த சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் பதிவுக்குரல் அழைப்பு வந்தால், அழைக்கப்பட்டவரே வழக்குப் போட்டு ஓர் அழைப்புக்கு 500 டாலர் கேட்கலாம். வேண்டுமென்றே செய்தது என்றால் மூன்று மடங்கு வரை. அதுவும் போதாது என்று ஃபுளோரிடா மாநிலம் 2021-ல் தன் சொந்தச் சட்டத்தையே கடுமையாக்கியது. அங்கேயும் தொல்லை ஒழிந்துவிடவில்லை. ஆனால் அழைக்கப்பட்டவன் கையில் ஒரு தடி இருக்கிறது.

தமிழ்நாடு அப்படி ஒரு சட்டம் போட முடியுமா? முடியாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் டெலிபோன் மத்திய அரசின் பட்டியலில், 31-வது இனமாக இருக்கிறது. எனவே செய்ய வேண்டியது டெல்லி. அதற்குக் கதவும் திறந்தே இருக்கிறது. விளம்பரச் செய்திகளுக்கு முன் அனுமதி தேவை என்று விதி செய்ய 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் 28-வது பிரிவில் இடம் தருகிறது. பிறகு என்ன தயக்கம்? 2004 தேர்தலில் பிரதமர் வாஜ்பாயின் பதிவுக்குரலே வீடு வீடாகப் போன் செய்ததை நினைத்துப் பார்த்தால், ஒருவேளை தயக்கத்தின் காரணம் புரியலாம்.

கட்டுப்பாடு வந்தால் கால் சென்டர் பிள்ளைகளின் வேலை போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. பதிவுக்குரலுக்கு எந்தப் பிள்ளை வேலைக்குப் போகிறது, ஸார்?

நான் கேட்பது மூன்று. கேட்காமல் அழைக்கக் கூடாது. 'சரி' என்று சொன்னவரை மட்டுமே அழைக்க வேண்டும். மீறினால் அபராதத்தில் ஒரு பங்கு அழைக்கப்பட்டவருக்குப் போக வேண்டும். தமிழில், வாயால் சொன்னாலே பதிவாகும் புகார் முறை வேண்டும். இவற்றைக் கேட்டு சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் போடத் தமிழக அரசுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. போன் கம்பெனிகளுக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. 1909-க்குப் புகார் அனுப்பியும் பலனில்லாதவர்கள், அந்தப் புகார் எண்ணோடு மாவட்டத்துக்குப் பத்துப் பேர் கிளம்புங்கள். பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வக்கீல் அனுப்பும் செலவு வந்தால், கம்பெனிகளுக்குக் காது தானாகக் கேட்க ஆரம்பிக்கும்.