லென்ஸ் மேல பழி போடாதீங்க சாமி!

இதைச் சொன்னா நண்பர்கள் பல பேருக்குக் கோவம் வரும். வரட்டும். லீவுக்கு ஊருக்குப் போய், மொட்டை மாடியில நின்னு அகத்தியர் மலையை ஜூம் பண்ணி எடுத்து, படம் மங்கலா வந்ததும் "லென்ஸ் சரியில்ல"ன்னு கடன் வாங்கி லட்ச ரூபாய் லென்ஸ் வாங்குற கூட்டம் ஒண்ணு இருக்கு. நம்ம மச்சான் அதுக்குத் தலைவர். பேங்க்ல கடன் கொடுக்கிற வேலை பார்க்கிறவன் சொல்றேன், வாங்காதீங்க.

நானும் லென்ஸைத் திட்டினவன்தான். பாறசாலை வீட்டு மாடியில எடுத்த மலையைப் பெருசா பிரிண்ட் போட்டு இங்க கொண்டு வந்தேன். எங்களோட இருக்கிற அம்மா ஊர் மலையைப் பார்த்து ஆறு வருஷம். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்துட்டு, "மூட்டமா இருந்துதா மக்களே?"ன்னு கேட்டாங்க. மூட்டமெல்லாம் இல்ல. பளிச்சுன்னு வெயில், பகல் பன்னெண்டு மணி!

தப்பே அங்கதான். அகத்தியர்கூடம் 1868 மீட்டர் உயரம். பாறசாலையோ நெய்யாற்றின்கரையோ, எங்க நின்னாலும் நேர்கோட்டுல சுமார் 30 கிலோமீட்டர். நடுவுல முழுக்கக் காத்து. ஓட்டுக்கூரையும் தார் ரோடும் சூடாக்கி நெளிய விடுற காத்து. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவுல 300 எம்.எம். வச்சா, ஒரு பிக்சலுக்கு மலையில ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். மத்தியானக் காத்து அதை விடப் பல மடங்கு ஆட்டும். விலை கூடின லென்ஸ் அந்த நெளிவைத்தான் இன்னும் நல்லா காட்டும். அப்புறம் கம்ப்யூட்டர்ல 'டீஹேஸ்' இழுப்பாங்க. கறுப்பு கூடும், தொலைஞ்ச விவரம் திரும்பாது.

ஐப்பசி மழை சாயங்காலம் கொட்டித் தீர்த்த மறுநாள், விடிஞ்ச கையோட எடுங்க. பத்து மணிக்குள்ள உச்சியை மேகம் மூடிடும். மலை வடக்கே, சூரியன் வலது பக்கம். போலரைசர் நல்லா வேலை செய்ற கோணம். வெளிச்சத்தைத் தின்னும், டிரைபாட் இருந்தா கவலை இல்ல. அதோட நடுத்தண்டைத் தூக்காதீங்க. பழைய லென்ஸா இருந்தா ஸ்டெபிலைசேஷனை அணைச்சிடுங்க. 2 செகண்ட் டைமர். லைவ் வியூவில பெருசாக்கி மலை விளிம்புல கையால ஃபோகஸ். (ரிங்கைக் கடைசி வரைக்கும் திருப்பினா இன்ஃபினிட்டி இல்ல, அதைத் தாண்டிப் போயிடும். மச்சான் கவனிக்க.) எஃப்/8 போதும். எஃப்/22 வைக்கச் சொல்ற குருநாதர்களை நம்பாதீங்க, டிஃப்ராக்ஷன்ல எல்லாமே மெழுகிடும். கையில பிடிச்சே ஆகணும்னா ஐஎஸ்ஓவை ஏத்தி 1/500.

போன லீவுல அதே பழைய 70-300ல எடுத்தேன். காலைல ஆறரை மணி. அம்மா படத்துல விரல் வச்சு, பாறை எங்க முடியுது, காடு எங்க தொடங்குதுன்னு பேரப்பிள்ளைக்குக் காட்டிட்டு இருந்தாங்க.

மச்சானுக்கு இன்னும் பதினாலு மாசம் இஎம்ஐ பாக்கி. ஊருக்குப் போனா எட்டு மணிக்குத்தான் எழும்புறார்.