கடல் இருந்த மண்ணும் கழுத்துச் சுரப்பியும்

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் சங்கு, சிப்பிப் புதைபடிவங்களையும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தையும் பார்த்திருப்பீர்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்பதற்கு அவை சான்றுகள். "கடல் இருந்த மண்ணில் அயோடினுக்குக் குறைவா? கடல்நீரில் விளையும் கல் உப்பில்தான் அது இல்லாமற் போகுமா?" எனக் கேட்கத் தோன்றும். இரண்டுமே தவறான நம்பிக்கைகள்.

அயோடின் உப்புகள் நீரில் எளிதில் கரைபவை. மழைநீர் அவற்றை மண்ணிலிருந்து அரித்துச் சென்றுவிடும். கடல்நீரிலும் லிட்டருக்கு ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் அயோடினே உண்டு. அதிலும் பெரும்பகுதி உப்பளத்தில் படியும் உப்பில் சேருவதில்லை.

அயோடின் நமக்கு எதற்கு? கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் தைராக்ஸின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 4 அயோடின் அணுக்கள் உள்ளன. உடற்செல்கள் ஆற்றலைச் செலவிடும் வேகத்தை நெறிப்படுத்துவது இந்த ஹார்மோனே. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் இது இன்றியமையாதது.

இஸ்திரிப் பெட்டியில் சூடு மிகுந்தால் மின்சாரம் நிற்கிறது. குறைந்தால் மீண்டும் பாய்கிறது அல்லவா? அதுபோல, இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு தூண்டு ஹார்மோனை மிகுதியாக அனுப்பும்; போதிய அளவு வந்ததும் குறைத்துக்கொள்ளும். அயோடினே கிடைக்காவிட்டால்? தூண்டுதல் ஓயாது, தைராய்டு வீங்கும். இதுவே முன்கழுத்துக் கழலை.

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பினால் கழலை குறைவதை மெய்ப்பித்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஆயினும் 2018-19 தேசிய ஆய்வின்படி, போதிய அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் தமிழகத்தில் 61.9 விழுக்காடே. மாநிலங்களிலேயே இதுதான் மிகக் குறைவு! தூத்துக்குடியில் மலைமலையாக உப்பு விளைவிக்கும் நமக்கு இது அழகா?

நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் வீதம் 70 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்; 4 கிராம்கூட வராது. இத்துணைச் சிறு பொருளுக்காக ஒரு குழந்தையின் அறிவு மங்கலாமா?

ஆகவே வீட்டு உப்பில் ஒரு சிட்டிகையைப் பள்ளி ஆய்வகத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் முன்னிலையில் கஞ்சித் தண்ணீர், நீர்த்த அமிலம், புதிதாகக் கரைத்த பொட்டாசியம் அயோடைடு ஆகியவற்றை அதனுடன் சேருங்கள். அயோடேட் கலந்த உப்பானால் நீலநிறம் தோன்றும். தோன்றாவிட்டால் பெற்றோரிடம் எடுத்துக் கூறுங்கள். உண்ணும் உப்பின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை. வகையை மாற்றினாலே போதும்.