விண்ணேறப் புறப்பட்ட ஆசிரியை

ஆசிரியர் புகழ் பெரும்பாலும் அவர்தம் பாடசாலை எல்லையைக் கடப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துக் கான்கார்டு நகர உயர்நிலைப் பாடசாலையிற் சமூகவியல் கற்பித்த கிறிஸ்டா மெக்காலிஃப் அம்மையாரின் பெயரோ உலகெங்கும் பரவிற்று. அப்பெயரை நாம் எங்ஙனம் நினைத்தல் தகும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அம்மையார் 1948-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரிற் பிறந்தவர். அரசரும் படைத்தலைவரும் மாத்திரமன்றிச் சாதாரண மக்களும், சிறப்பாகப் பெண்மக்களும், சரித்திரத்தை ஆக்கினர் என்பது அவர்தம் கொள்கை. 1984-இல் குடியரசுத் தலைவர் ரீகன், பொதுமக்களுள் முதன்முதல் விண்கலத்திற் செல்பவர் ஓர் ஆசிரியராகவே இருத்தல் வேண்டுமென அறிவித்தார். 11,000-க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முற்காலத்தில் மேற்றிசை நோக்கி வண்டிகளிற் குடியேறிய பெண்டிர் நாட்குறிப்பு எழுதினாற்போலத் தாமும் எழுதுவதாக அம்மையார் தெரிவித்தார். 1985 ஜூலை 19-இல் அவரே தெரிந்தெடுக்கப்பட்டார். விண்ணிலிருந்து மாணவர்க்கு இரண்டு பாடங்கள் நடத்தவும், சில எளிய சோதனைகளைச் செய்து காட்டவும் ஏற்பாடாயிற்று.

அந்தோ! 1986 ஜனவரி 28 காலை, 'சாலஞ்சர்' விண்கலம் கிளம்பிய 73-ஆம் விநாடியிற் சிதைந்தது. எழுவரும் மாண்டனர். அப்பொழுது அம்மையாருக்கு வயது 37. அவர்தம் மாணவர் பாடசாலையில் ஒருங்கு கூடித் தொலைக்காட்சியில் அதனைக் கண்டனர்.

இம்மரணத்தைத் தியாகம் எனப் பலர் போற்றுவர். அம்மையாரின் துணிவை நாமும் போற்றுகிறோம். ஆயினும் அச்சொல் உண்மையை மறைத்தலாகாது. ராக்கெட்டின் பகுதிகள் பொருந்துமிடத்தில் அனல் வெளிவராமல் அடைத்து நின்ற ரப்பர் வளையம் கடுங்குளிரில் நெகிழ்ச்சி குன்றியமையே விபத்தின் காரணம். அவ்வாறு நேரக்கூடுமென்று யந்திர நிபுணர் முந்தின இரவே எச்சரித்தனர். அவர்தம் மேலாளர் முதலில் அதற்கு இசைந்து, பின்னர் மாறினர். இறுதி உத்தரவளித்த உயர் அதிகாரிகளுக்கே எட்டாத அவ்வெச்சரிக்கை, கலத்தில் அமர்ந்திருந்தோர்க்கு எங்ஙனம் எட்டும்? தடுத்திருக்கக்கூடிய சாவினைத் தியாகமென்று மட்டும் கூறி அமைவது, பிழை செய்தோர்க்கு எளிதாகும், மாண்டோர்க்கு நீதியாகாது.

சாதாரண மனிதர் கூற்றும் சரித்திரமே எனக் கற்பித்தவர் அம்மையார். பெரும்பதவியில்லாத அந்நிபுணர் கூறிய மொழியைச் செவிமடுத்திருப்பின், ஏழு உயிர் பிழைத்திருக்கும். ஆதலின் இவ்வரலாற்றை மாணவர்க்கு உரைக்கும்போது, விண்கலத்தின் பெருமையோடு அந்த இரவின் வாதத்தையும் உரைத்தல் ஆசிரியர் கடன்.

அம்மையாருக்கு மாற்றாகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்த ஆசிரியை பார்பரா மார்கன் 2007-இல் விண்வெளி சென்று மீண்டார். அம்மையார் செய்து காட்ட எண்ணிய சோதனைகளுட் சிலவற்றை, முன்னர் ஆசிரியராயிருந்த விண்வெளி வீரர் இருவர் 2018-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திற் செய்து காட்டினர். இடையில் நின்ற பாடத்தைப் பிறர் தொடர்ந்தனர். அஞ்சாது உண்மை கூறுதலும், கூறுவோர் எளியராயினும் செவிகொடுத்தலும் ஆகிய மற்றைப் பாடத்தைத் தொடர்தல் நம் அனைவர் கடமையுமாகும்.