விதியிலிருந்து பிறக்கும் திகில்

பள்ளிச் சீருடைச் சிறுமிகள் தீமையை எதிர்த்துப் போரிடும் தொடர்களுக்கு ஜப்பானியத் தொலைக்காட்சியில் நீண்ட மரபு உண்டு. யோயோவை ஆயுதமாக ஏந்திய மாணவியை 1985இல் 'சுகேபன் தேகா' தொடர் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 1992இல் தொடங்கிய 'செய்லர் மூன்' இந்த மரபை உலகெங்கும் பரப்பியது. இந்தக் கதைவகை, திகிலுக்குள் துணிந்து நுழைந்த தருணங்களில், தொடர் எழுதுவோரும் அனிமேஷன் செய்வோரும் ஊன்றிக் கற்க வேண்டிய ஒன்று, 2011இல் 12 பகுதிகளாக வந்த 'மஹோ ஷோஜோ மடோகா மாகிகா'.

இயக்குநர் அகியுகி ஷின்போ மாய சக்தியால் போரிடும் 'மாயச் சிறுமி' கதைகளுக்குப் புதியவர் அல்லர். 2004இல் 'லிரிகல் நானோஹா'வை இயக்கியவர். பாத்திரங்களை வரைய, இதமான பள்ளிக் கதைகளால் அறியப்பட்ட உமே அவோகியை அழைத்தார்கள். பன்னிரண்டு பகுதிகளையும் எழுதியவர், இருண்ட கதைகளுக்குப் பேர்போன கென் உரோபுச்சி. உருண்டை முகமும் வண்ண வண்ணக் கூந்தலுமாக வந்த சிறுமிகளைப் பார்த்தவர்கள், இது பழக்கமான ஒரு கதை என்றே நம்பினார்கள்.

மூன்றாம் பகுதியில் அந்த நம்பிக்கை உடைகிறது. மாயச் சிறுமிகளில் மூத்தவளான மாமி என்பவள், இனித் தான் தனியாள் இல்லை என்ற மகிழ்ச்சியில் போரிடுகிறாள். யூகி கஜியுராவின் இசை வெற்றி முழக்கமாக உயர்கிறது. எதிரே இருப்பது, இச்சிறுமிகள் வேட்டையாடும் சூனியக்காரிகளில் ஒன்று, பொம்மை போன்ற சின்னஞ்சிறியது. அதன் வாயிலிருந்து நீண்ட கரிய உடல் ஒன்று வெளிப்பட்டு, மாமியின் தலையைக் கவ்வுகிறது. இந்தக் காட்சியை ஒரு திடீர் அதிர்ச்சியாக மட்டும் நினைவில் வைத்திருப்போர் பலர். ஆனால் அதன் கனம் அடுத்த பகுதியில்தான் தெரிகிறது. நாயகி மடோகா காலை உணவை உண்ணும்போதே அழுகிறாள். உயிரோடிருப்பதால்தானே அப்பா சமைத்ததன் ருசி தெரிகிறது என்று. மாமியின் உடல் சூனியக்காரியின் மாய உலகிலேயே தங்கிவிட்டதால், இவ்வுலகில் அவள் காணாமற்போனவள் மட்டுமே என்பதும் அங்கேதான் தெரியவருகிறது. மரணத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்ததால்தான் அந்தக் காட்சி வெறும் வித்தையாகச் சுருங்கவில்லை.

இத்தொடரில் வெளியிலிருந்து எந்தப் பேயும் கொண்டுவரப்படவில்லை. ஓர் ஆசை நிறைவேறும், பதிலுக்குப் போரிட வேண்டும். பேசும் சிறு விலங்கு வழிகாட்டும். மந்திரக் கல் ஒளிரும். எல்லாம் இந்த வகையின் பழைய விதிகள். இவற்றுக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை எழுத்தாளர் கடைசிவரை துரத்திச் செல்கிறார். கல்லில் மாசு படிவதையும் அதைத் துடைத்தெடுப்பதையும் இரண்டாம் பகுதியிலேயே சாதாரணப் பராமரிப்பு வேலையாகக் காட்டிவிடுகிறார்கள். அந்தக் கல்தான் சிறுமியின் உயிர் என்று ஆறாம் பகுதியில் தெரிகிறது. அது முற்றிலும் கறுத்தால் அவளே சூனியக்காரி ஆவாள் என்று எட்டாம் பகுதியில் தெரிகிறது. இதுவரை கொல்லப்பட்ட சூனியக்காரிகள் யார் என்பது அப்போதுதான் உறைக்கிறது. ஒவ்வொரு தகவலும் முன்பே கண்முன் இருந்ததால், பார்ப்பவரால் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது. அந்தத் திகிலுக்கு அதுவே வலு.

வடிவமும் இதே நேர்மையோடு உழைத்திருக்கிறது. சூனியக்காரிகளின் உலகை வடிவமைத்தது 'கெகிதன் இனு கறி' என்ற கலைக் குழு. வரைந்த சிறுமிகளைச் சுற்றிக் காகித வெட்டுகளும் துணித் துணுக்குகளும் பழைய அச்சுப் படங்களும் ஒட்டுப்படமாக நெளிகின்றன. அங்கே எல்லாமே வேறு பொருளால் ஆனது; அதனால் ஒரு சொல் பேசாமலே அந்த இடம் அந்நியம் என்று கண் உணர்ந்துகொள்கிறது. இருட்டையும் ரத்தத்தையும் நம்பாமல், பொருளின் தன்மையை மாற்றியே அச்சம் உண்டாக்கலாம் என்பது நம் ஸ்டூடியோக்களுக்கு உடனே பயன்படும் பாடம். இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை.

ஜப்பானிய ஊடகக் கலை விழா 2011ஆம் ஆண்டுக்கான அனிமேஷன் பிரிவின் உயரிய விருதை இத்தொடருக்கு அளித்தது. அதன்பின் அழகிய சிறுமிகளை வதைக்கும் தொடர்கள் பெருகின. அவற்றில் பல, மூன்றாம் பகுதியின் அதிர்ச்சியை எடுத்துக்கொண்டு நான்காம் பகுதியின் துக்கத்தை விட்டுவிட்டன. இளம்பெண்களின் வேதனையைக் காட்சிப் பண்டமாக்கும் வேலை அது. அது கலையும் ஆகாது, தொழில்திறனும் ஆகாது.

திகிலைக் கதையில் சேர்க்க விரும்பும் ஒவ்வொருவரும், எடிட்டிங் மேசைக்கு வருமுன், கதை விவாதத்திலேயே சில கேள்விகளுக்குப் பதில் எழுதிவைக்க வேண்டும். நம் கதைவகையின் விதிகள் எவை? அவற்றின் விலையை யார் கொடுக்கிறார்கள்? அந்த விலையின் அறிகுறி முதல் இரண்டு பகுதிகளில் எங்கே இருக்கிறது? ஒரு பாத்திரம் இறந்தால் அடுத்த பகுதியில் யார் அழுவார்கள்? இவற்றுக்கு விடை இல்லையென்றால், அந்தத் திகில் காட்சியைக் கைவிடுவதே நல்லது. விடை இருந்தால், எந்த மென்மையான கதையையும் அஞ்சாமல் அந்த இருளுக்குள் அழைத்துச் செல்லலாம்.