உண்ண மறுக்கும் காலை வயிறு



வடமராட்சியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் என் மேசைமீது இருக்கின்றது. அவருடைய மூத்த மகனுக்கு வயது 15. அடுத்த ஆண்டு சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கின்றான். தாயார் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பிட்டு அவித்து, பச்சைமிளகாய்ச் சம்பல் அரைத்து, முட்டையும் பொரித்து வைக்கின்றார். மகனோ கோப்பையின் முன் அமர்ந்ததும் முகஞ் சுளிக்கின்றான். இரண்டு வாய் உண்பதற்குள் குமட்டுகின்றது என்று எழுந்துவிடுகின்றான். "எல்லாம் நடிப்பு" என்பது தந்தையாரின் தீர்ப்பு. ஆகவே, பாடசாலையில் உண்ணும்படி பொதி கட்டிக் கொடுத்து வந்தார் தாயார். சென்ற வாரம் முற்றங் கூட்டும்போது வேலியோரத்திலே அப்பொதி அவிழ்க்கப்படாமற் கிடந்தது. "அவன் உண்ணாமற் போனதைப் பொறுத்துக்கொண்டேன், உண்டதாகச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கின்றார்.

இக்கடிதத்தைப் படிக்கும் தாய்மார் பலர், இது எங்கள் வீட்டுக் கதையல்லவா என எண்ணுவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆதலின் இவ்வாரம் இதனைக் குறித்தே பேசுவோம்.

பிள்ளை பொய் சொல்லவில்லை

முதலில் தந்தையாரின் தீர்ப்பை ஆராய்வோம். பருவம் எய்தும் வயதிலே உடலின் நித்திரைக் கடிகாரம் பின்னோக்கிச் செல்கின்றது. சிறு வயதில் இரவு 8 மணிக்கே கண்ணயர்ந்த பிள்ளைக்கு 14, 15 வயதில் 11 மணிவரை உறக்கம் வராதிருப்பது இயற்கை. உறக்கத்தைத் தூண்டும் சுரப்பு அவ்வயதில் காலந்தாழ்த்தியே ஊறுகின்றது. ஆனால் நமது பாடசாலை மணியோ காலை 7.30 மணிக்கு அடித்துவிடும். அதற்கு முன் ஒரு தனியார் வகுப்பு இருப்பின் பிள்ளை இருள் பிரியுமுன்னரே எழவேண்டும். உடலுக்கு அது இன்னும் இரவே. தூங்கிக்கொண்டிருக்கும் வயிற்றினுள் பிட்டையும் சம்பலையும் இட்டால் அது மறுக்காமல் என் செய்யும்?

இரண்டாவது காரணம் அச்சம். மூளைக்கும் குடலுக்கும் நெருங்கிய நரம்புத் தொடர்பு உண்டு. மனம் கலங்கும்போது இரைப்பை மெதுவாகவே காலியாகின்றது. பெருங்குடலோ விரைந்து இயங்குகின்றது. கணித பாடம் உள்ள நாளிலே குமட்டலும், பரீட்சை நாளிலே வயிற்றோட்டமும் வருவது இதனாலேயே. மனத்திலே தோன்றிய காரணமாயினும் வயிற்றிலே உண்டாகும் துன்பம் மெய்யானது. அதனை நடிப்பென்று சொன்னால் பிள்ளைக்கு அச்சம் இரட்டிக்கும். மறுநாள் பொதி வேலியோரம் போகும்.

மூன்றாவது காரணம் முன்னிரவு. இரவு 10 மணிக்கு எண்ணெய் றொட்டியும் இறைச்சிக் கறியும் உண்டு, கையிலே தொலைபேசியுடன் படுத்த பிள்ளைக்குக் காலையிற் பசி எங்கிருந்து வரும்? இராப் போசனத்தை 7.30 மணியளவில் முடித்துவிட்டாலே பல வீடுகளிற் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

சிறிது சிறிதாக, இரு முறை

இத்தகைய பிள்ளைக்குக் காலை உணவு ஒரே வேளை உணவாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். அதனை இரண்டாகப் பிரியுங்கள். வீட்டை விட்டுப் புறப்படுமுன் அரைப் பேணி அளவு மிதமான சூட்டில் நீர்த்த உணவு. இடைவேளையில் கையால் எடுத்து உண்ணத்தக்க சிற்றுண்டி. இவ்வளவே என் ஆலோசனையின் சாரம்.

எழுந்தவுடன் உணவை நீட்டாதீர்கள். முதலிற் சில மிடறு இளஞ்சூடான நீர் கொடுங்கள். பிள்ளை முகங் கழுவி, உடுத்து, புத்தகப் பையை எடுத்து வைக்கட்டும். எழுந்து அரைமணி நேரங் கழிந்த பின் வயிறு சற்றே விழித்துக்கொள்ளும். இதற்காகப் பையை முன்னிரவே அடுக்கி வைக்கப் பழக்கினால் காலைப் பரபரப்பும் குறையும். குமட்டல் மிகுந்த நாளிலே மல்லியுடன் ஒரு சிறு துண்டு வேர்க்கொம்பு தட்டிப் போட்டு அவித்த நீரைச் சிறிது கொடுக்கலாம். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதை இக்கால மருத்துவரும் ஒப்புகின்றனர்.

கஞ்சியை இகழாதீர்

இத்தகைய வயிற்றுக்கு முதலிடம் கொடுக்கவேண்டியது அரிசிக் கஞ்சியே. "கஞ்சியா? அது நோயாளிக்கும் ஏழைக்கும் அல்லவா?" என்று இளையோர் கேட்பர். அவர்களுக்குச் சில செய்திகள் சொல்வேன்.

1563 ஆம் ஆண்டில் கோவா நகரில் அச்சான தமது நூலிலே கார்சியா த ஒர்த்தா என்ற போர்த்துக்கேய வைத்தியர், மிளகும் சீரகமும் சேர்த்த கஞ்சிநீரை நோயாளருக்கு அருந்தக் கொடுக்கும் வழக்கத்தை, கஞ்சி என்ற பெயரோடே குறித்து வைத்துள்ளார். அச்சொல் கடல் கடந்து சென்றது. போர்த்துக்கல் நாட்டிலே கோழிச்சாற்றில் அரிசியிட்டுக் காய்ச்சும் உணவுக்கு இன்றும் 'கன்ஜா' என்றே பெயர். சீனரும் யப்பானியரும் தத்தம் கஞ்சி வகைகளைக் காலையில் விரும்பி அருந்துகின்றனர். 1980களில் டாக்கா நகரத்து மருத்துவ ஆராய்ச்சியாளர், வயிற்றோட்டத்தால் நீரிழந்தோருக்கு அரிசிமாவும் உப்புகளும் கலந்த பானம் உயிர் காப்பதை ஆராய்ந்து காட்டினர். நம்மவர்க்கோ வேறொரு நினைவும் உண்டு. 2009 ஆம் ஆண்டுப் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் மக்களைத் தாங்கியது உப்பிட்ட கஞ்சியே. ஆண்டுதோறும் மே மாதத்தில் அதனை நினைந்து கஞ்சி வழங்கும்போது நம் பிள்ளைகளும் கையேந்திப் பருகுகின்றனர். இத்தகைய உணவை இழிவென்பது தகுமா?

*பயற்றங் கஞ்சி (ஒருவருக்கு):* சிவப்புப் பச்சையரிசிக் குறுணல் 2 மேசைக்கரண்டி, வறுத்துக் கோது நீக்கிய பயறு 1 மேசைக்கரண்டி ஆகிய இரண்டையும் முன்னிரவே தனித்தனியே கழுவி, சிறிது நீரில் ஊறவிடுங்கள். காலையில் 3 கோப்பி கப் நீர் கொதித்ததும் இரண்டையும் இட்டு, மெல்லிய நெருப்பில் நன்கு குழைய வேகவிடுங்கள். ஒரு சிட்டிகை உப்பும், வறுத்துப் பொடித்த நற்சீரகம் ஒரு சிட்டிகையும் சேருங்கள். இறக்குமுன் அரைக் கப் இரண்டாம் தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்கிவிடுங்கள். முதற்பால் வேண்டா, கொழுப்பு மிகுந்தால் இரைப்பை காலியாக நேரமாகும். இனிப்பை விரும்பும் பிள்ளைக்கு ஒரு சிறு துண்டு பனங்கட்டி கடிக்கக் கொடுக்கலாம்.

*இலைக் கஞ்சி:* வயிறு கஞ்சிக்குப் பழகிய பின்னர் வாரத்தில் இரு நாள் இதனைச் செய்யலாம். திருநெல்வேலி, மருதனார்மடம் முதலிய சந்தைகளில் வல்லாரை, முசுமுசுக்கை போன்ற இலைகளை வாங்கலாம். பல இலைகளை ஒருங்கே கலக்காமல் முதலில் ஒன்றையே இடுங்கள். இலையை நன்கு கழுவி அரைத்துப் பிழிந்த சாற்றைக் கஞ்சி வெந்த பின் விட்டு இறக்குங்கள். நெஞ்செரிவு உள்ள பிள்ளைக்குத் தேசிக்காய்ப் புளி விடாதீர்கள்.

பழஞ்சோற்றைப் பற்றி ஒரு சொல். நம் பாட்டிமார் அதனை அமுதமாகப் போற்றினர் என்பது உண்மை. எனினும் யாழ்ப்பாணத்து வெக்கையில் இரவு முழுதும் வெளியில் இருந்த சோற்றிலே ஒருவகைக் கிருமி பெருகக்கூடும். அது கக்கும் நஞ்சு மீளச் சூடாக்கினாலும் நீங்காது. வன்மையான வயிறு தாங்கும். மென்மையான வயிறு தாங்காது. ஆகையால் இப்பிள்ளைகளுக்கு அன்று காய்ச்சிய கஞ்சியே உகந்தது.

கஞ்சி அலுத்த நாளில்

நாள்தோறும் ஒன்றையே கொடுத்தால் எவருக்கும் சலிக்கும். நீரற்ற பிட்டைவிட இடியப்பம் மென்மையானது. எண்ணெயின்றி ஆவியில் அவிந்த இரண்டு இடியப்பத்தைப் பால்சொதியில் ஊறவிட்டுக் கொடுங்கள். சொதிக்குச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், இரண்டாம் பால் ஆகியன போதும். பச்சைமிளகாயை இவ்வயிற்றுக்கு விலக்குங்கள். பிட்டுத்தான் வேண்டும் என்றால் அரிசிமாப் பிட்டில் ஒரு கதலிப்பழத்தைப் பிசைந்து, சிறிது இளஞ்சூடான தேங்காய்ப்பால் தெளித்துக் குழையக் கொடுங்கள். குரக்கன் பிட்டு சத்துள்ளதே. ஆனால் அதன் நார் விடியற்காலை வயிற்றுக்குப் பாரம். அதனை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் மணக்கும் உழுத்தங்களிக்கும் இதுவே விதி.

அடுப்பு மூட்ட நேரமில்லாத நாளில் வாட்டிய பாண் துண்டொன்றும் நீர்வேலித் தோட்டத்து வாழைப்பழம் ஒன்றும் போதும்.

இடைவேளைக்கு எதைக் கொடுத்தனுப்புவது? பயறும் பனங்கட்டியும் உள்ளிட்ட இரண்டு கொழுக்கட்டை, அல்லது அவித்த முட்டை ஒன்றுடன் வாழைப்பழம். மணம் பரப்பாத, கை அழுக்காகாத உணவாக இருக்கட்டும். நண்பர்முன் பொதியை அவிழ்க்க வெட்கப்படும் வயது இது என்பதை மறவாதீர்கள்.

விலக்கவேண்டியவை

வெறும் வயிற்றிற் கடுஞ்சாயத் தேநீர் கொடுப்பது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். அது சிலருக்கு வயிற்றிலே புளிப்பை மிகுவிக்கும். உணவோடு பருகினால் இரும்புச் சத்து உடலிற் சேர்வதையும் குறைக்கும். பெண் பிள்ளைகளுக்கு இது பெரிய நட்டம். உண்டு ஒரு மணி நேரங் கழித்துப் பருகினால் குற்றமில்லை.

"ஒன்றும் உண்ணாவிட்டால் பால்மாவாவது குடி" என்று பெரிய பேணி நிறையக் கரைத்துக் கொடுப்போரும் உளர். ஆசிய மக்களிற் பலருக்குக் குழந்தைப் பருவங் கடந்தபின் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது. பால் அருந்திய பின் வயிறு பொருமி இரைந்தால், ஒரு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் பாலுக்குப் பதில் பகலுணவோடு தயிர் கொடுக்கலாம்; அது எளிதிற் செரிக்கும். தலையிடிக்கென்று வெறும் வயிற்றில் வலி மாத்திரை விழுங்குவதையும் தடுத்துவிடுங்கள். அவற்றுட் சில இரைப்பையைப் புண்படுத்துவன.

வைத்தியரிடம் செல்லவேண்டிய வேளை

இவையெல்லாம் நோயற்ற பிள்ளைக்குரியன. உடல் மெலிந்துகொண்டே வருதல், அடிக்கடி வாந்தி, வாந்தியில் இரத்தம், கருநிற மலம், நித்திரையைக் கலைக்கும் வலி, விழுங்க முடியாமை, கண் மஞ்சளித்தல், ஓயாத வயிற்றோட்டம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அடுக்களையில் மருந்து தேடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலதுபக்க அடிவயிற்றிற் கடும் வலி எழுந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. உடல் பருத்துவிடும் என்று அஞ்சி வேளைக்கு வேளை உணவைத் தவிர்க்கும் பிள்ளைக்கும் வைத்தியரின் துணை வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். குமட்டுகின்றது என்றால் குமட்டுகின்றது என்றே அம்மாவிடம் சொல்லுங்கள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு உண்ணுங்கள். மூன்று மிடறாயினும் சரி. பரீட்சை நாளன்று புதிய உணவைச் சோதித்துப் பார்க்காதீர்கள். பழகிய கஞ்சியே துணை.

வடமராட்சிச் சகோதரியே, வேலியோரத்துப் பொதியைப் பற்றி இனி மகனிடம் கேட்காதீர்கள். நாளைக் காலை கோப்பை நிறையப் பிட்டு வைக்கவேண்டாம். அரைப் பேணி கஞ்சியை அவனருகே வைத்து, "முடிந்ததைக் குடி ராசா, மிச்சத்தை நான் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் நாள் பாதி மிஞ்சலாம். மிஞ்சியதை அவன் மறைக்காமல் உங்கள் கையிலேயே தருவானாயின், அன்றைய காலை உணவு நல்லபடியாக முடிந்தது என்று கொள்ளுங்கள்.