வடித்து ஊற்றும் உயிர்ச்சத்து

அச்சுவேலிச் செம்மண்ணிலே முளைக்காத கீரையில்லை, காய்க்காத காயில்லை. கிணற்றையும் தம் தோள்வலியையும் நம்பிப் பாடுபடும் கமக்காரர், விடியுமுன்னரே கீரைக்கட்டையும் கத்தரிக்காயையும் சந்தையிற் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். விற்ற பணத்தோடு வீடு திரும்பும்போது அவர் கையிலே இருப்பது என்ன? ஓர் இறாத்தல் பாண்!

பாண் தின்பது பாவமென்று நாம் சொல்லவரவில்லை. தம் தோட்டத்துச் சத்தைப் பிறருக்கு விற்றுவிட்டு, கப்பலில் வந்த கோதுமையைத் தவிடு நீக்கி அரைத்த வெள்ளை மாவை விலைகொடுத்து வாங்கும் இந்த விசித்திர வாணிகத்தின் இலாபநட்டத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்பதே எமது விண்ணப்பம். படித்து உத்தியோகம் பார்ப்போரும் இக்கணக்கிற் சேர்த்தியே. சொல்லப்போனால், அவர்கள் வீட்டுக் கணக்கே கூடுதலாக உதைக்கிறது.

மாச்சத்தும் புரதமும் கொழுப்பும் வயிறு நிறையக் கிடைத்தபோதிலும் மனிதன் நோயுற்று மடியக்கூடும் என்பது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் உலகுக்குத் தெளிவாயிற்று. மிகச் சிறிய அளவிலே உடம்புக்கு வேண்டப்படும் சத்துக்களுக்கு, போலந்திற் பிறந்த கசிமிர் பங்க் என்பார் 1912ஆம் ஆண்டில் இட்ட பெயரிலிருந்தே விற்றமின் என்னும் சொல் வந்தது. உயிர்ச்சத்து என்கிறோம் நாம். இவற்றுட் சில கொழுப்பிற் கரைவன. நீரிற் கரைவன ஒன்பது: பி வகையைச் சேர்ந்த எட்டும், சி என்னும் ஒன்றும். கொழுப்பிற் கரைவனவற்றை உடம்பு சேமித்துவைக்கும். நீரிற் கரைவனவற்றுக்கோ, பி12 நீங்கலாக, உடம்பிலே பெரிய களஞ்சியம் இல்லை. மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். பி1 எனப்படும் தயமின் வரவு நின்றால், கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குமேற் காணாது. ஆதலால் இச்சத்துக்கள் நாளாந்தம் வந்துகொண்டேயிருக்கவேண்டும். நாமோ அவை வயிற்றுக்குள் வருமுன்னரே, சட்டியிலிருந்து தண்ணீரோடு அனுப்பிவிடுகிறோம்.

இதற்குச் சாட்சி தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. பாட்டனோ பூட்டனோ மலாயாவில் உத்தியோகம் பார்த்த குடும்பங்கள் யாழ்ப்பாணத்து ஊர்கள்தோறும் உண்டு. அந்த மலாயாவிலே நூறாண்டுக்கு முன்னர் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, நடை தளர்ந்து, உடம்பு வீங்கி, ஈற்றில் இருதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களிலே உழைத்த சீனர்களே இதற்குப் பெரிதும் பலியாயினர். அதே நாட்டிலே, அதே வெயிலிலே, அவர்களினும் ஏழ்மையில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை நோய் அணுகவில்லை. நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிரட்டன் என்பார் இவ்வேற்றுமையைக் கவனித்து 1907ஆம் ஆண்டு பெரியதொரு நூலே எழுதினார். சீனர் உண்டது சீயத்திலிருந்து வந்த தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி. தமிழர் உண்டதோ நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவிட்டுக் குத்திய புழுங்கலரிசி! அரிசியிலே ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று காரணத்தை அவர் பிழையாகக் கணித்தார். அவர் கண்ட காட்சியிற் பிழையில்லை.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையிலே பிளெச்சர் என்ற வைத்தியர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் நோயாளரை இரு பகுதியாக்கினார். ஒரு பகுதிக்குப் பச்சையரிசிச் சோறு, மறு பகுதிக்குப் புழுங்கலரிசிச் சோறு. ஓராண்டு கழிந்தபோது பச்சையரிசி உண்டவர்களிற் பலர் பெரிபெரிக்கு ஆளாகி, 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களிடையே புதிதாக ஒருவருக்கேனும் நோய் தோன்றவில்லை. தமக்காகப் பேச வல்லமையற்றவர்களை வைத்து நடத்திய இப்பரீட்சையை இன்றைய அறம் ஒப்பாது, நாமும் ஒப்பவில்லை. ஆனால், அந்த 18 உயிர்களின் விலையிலே நிரூபிக்கப்பட்டது எங்கள் பாட்டிமாரின் அடுப்படி வழக்கம் என்பதை மறக்கலாமா?

யாவாத் தீவிலே ஒல்லாந்த வைத்தியர் எய்க்மனுக்கு இப்பாடத்தைக் கற்பித்தவை கோழிகள். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுந்தன. புதிதாக வந்த சமையற்காரன், இராணுவத்தின் அரிசி சாதாரணக் கோழிகளுக்கு எதற்கு என்று மறுத்துவிட, அவை மலிவான தீட்டாத அரிசி தின்று எழுந்து நடந்தன! அந்தச் சமையற்காரனின் கஞ்சத்தனத்துக்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது. எய்க்மனுக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. நம் அயலிலும் இதே கதைதான். குன்னூரிலே ஆராய்ந்த மக்கரிசன், சென்னை மாகாணத்தில் பெரிபெரி தங்கியிருந்தது தீட்டிய பச்சையரிசி உண்ட வட சர்க்கார்க் கரையோரத் தெலுங்கு நாட்டிலே என்று கண்டார். புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் தப்பின.

புழுங்கலிலே மந்திரம் ஒன்றுமில்லை. தயமின் பெரும்பாலும் நெல்லின் முளையிலும் தவிட்டிலும் இருக்கிறது. ஊறவைத்து அவிக்கும்போது அது நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தீட்டினாலும் உள்ளே போனது பெருமளவு நிற்கும். பச்சையாகவே தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். எஞ்சிய கொஞ்சத்தையும் நாம் விட்டுவைக்கிறோமா? நாலு தண்ணீரில் அலம்பிக் கழுவுகிறோம். பச்சையரிசியிலே இக்கழுவலால் மட்டும் மூன்றிலொரு பங்குக்குமேற் போய்விடலாம். பின்பு நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடித்து ஊற்றுகிறோம். அக்கஞ்சிக்கு உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டுக் குடித்த தலைமுறை ஒன்று இருந்தது. இன்றோ, கஞ்சி குடிப்பது வறுமையின் அடையாளம். காலையிற் பாணும் தேநீரும் நாகரிகத்தின் அடையாளம். அந்த நாகரிகத்தைக் கட்டிக்கொண்ட பின்னர், களைப்பாக இருக்கிறதென்று மருந்துக்கடையிலே பி கொம்பிளெக்ஸ் கேட்டு நிற்பதையும் காண்கிறோம்!

பெரிபெரி இன்று எமது ஊரிலே கொள்ளைநோயாக இல்லை. ஆனால் தயமின் குறைவு முற்றாக ஒழிந்துவிட்டதென்று எண்ணுவது தவறு. மதுவுக்கு அடிமையானவர் சோற்றைக் குறைக்கிறார். உண்ட கொஞ்சத்திலிருந்தும் தயமின் உடம்பிற் சேர்வதை மது தடுக்கிறது. கண்பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, புத்தி மயங்கும் மூளைநோய் அதனால் வருகிறது. 'குடிவெறி' என்று அவரைத் திண்ணையிலே கிடத்திவிடுகிறார்கள். காலத்தோடு தயமின் ஊசி ஏற்றினாற் காப்பாற்றக்கூடியவர் அவர். குடிப்பவரை வெறுத்தாலும், அவர் பிள்ளைகளுக்காகவேனும் இதை அறிந்துவைத்திருக்கவேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பி2 குறைந்தால் வாயோரம் வெடித்து நாக்குப் புண்ணாகும். பாலிலும் முட்டையிலும் கீரையிலும் இது உண்டு. நயாசின் குறைந்தால் வெயில் பட்ட தோல் கறுத்து உரியும் பெலாக்ரா நோய். சோளத்தையே தின்று வாழ்ந்த அமெரிக்கத் தென்மாநில ஏழைகளையும், இறுங்கையே நம்பிய தெலுங்கானா மக்களையும் அது வாட்டியது. நிலக்கடலையும் மீனும் உண்ணுமிடத்தில் அதற்கு அதிகம் வேலையில்லை.

நாம் நின்று பேசவேண்டியது போலிக் அமிலத்தைப் பற்றி. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. 1941ஆம் ஆண்டு பசளி இனக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அதற்குப் பத்தாண்டு முன்னரே லூசி வில்ஸ் என்ற ஆங்கில வைத்திய மாது, பம்பாயிலே இரத்தம் வற்றி மடிந்துகொண்டிருந்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைற்றைக் கொடுத்து எழுப்பினார். கீரை வாங்க வழியற்ற பெண்கள் அவர்கள். கீரை விளைக்கும் ஊரிலே இரத்தசோகையோடு பெண்கள் இருப்பார்களாயின் அதை என்னென்பது?

இன்னொன்றையும் கேளுங்கள். கருவிலுள்ள குழந்தையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழல், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. போலிக் அமிலம் போதாதபோது அது மூடாமல் நின்றுவிடக்கூடும். பிள்ளை கால் வழங்காமற் பிறக்கும், அல்லது பிறந்தும் வாழாது. முன்னரே இக்குறையோடு பிள்ளை பெற்ற தாய்மாரிடையே, கருத்தரிக்குமுன் தொடங்கிக் கொடுத்த போலிக் அமிலம் நாலில் மூன்று பங்களவுக்கு இதைத் தடுத்ததென்று 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. இருபத்தெட்டாம் நாளில் எத்தனை பெண்களுக்குத் தாம் தாயாகப்போவது தெரியும்? ஆகவே, கிளினிக்குக்குப் போன பின் கிடைக்கும் மாத்திரை இந்த ஒரு காரியத்துக்குப் பிந்தியதே. நாள் பார்த்து, தாலிக்குப் பொன்னுருக்கி, பந்தலுக்கு வாழை தேடும் வீட்டார், குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த மாத்திரையையும் கேட்டு வாங்கவேண்டும். நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம். கலியாணச் செலவிலே இது ஒரு செலவா?

பெயரிலேயே வேலியை வைத்திருக்கும் ஊர் அச்சுவேலி. அந்த வேலிகளிலே கிளுவையோடும் பூவரசோடும் முருங்கையும் நின்றது. வேண்டியபோது கொப்பை வளைத்து இலை பறித்தார்கள், கூழுக்குப் போட்டார்கள், வறை வறுத்தார்கள். அவ்விலையிலே போலிக் அமிலம் உண்டு. சி உயிர்ச்சத்தோ தோடம்பழத்துக்குக் குறையாமல் உண்டு. இன்று வேலி போய்ச் சீமெந்து மதில் வந்துவிட்டது. வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் மதில் இன்னும் உயரம். மதிலிலே முருங்கை துளிர்க்குமா?

வறை என்ற எங்கள் பாகத்தை மெச்சாமல் இருக்கமுடியாது. கீரையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அவித்துப் பிழிந்து ஊற்றும் முறையிலே சியும் போலிக் அமிலமும் ஊற்றிய நீரோடு போய்விடும். வறையிலோ ஊற்றுவதற்கு நீரே இல்லை. சொதியை அடுப்பால் இறக்கிய பின் தேசிக்காய் விடும் வழக்கமும் அத்தகையதே. சூட்டில் அழியும் சி தப்பிவிடுகிறது, கீரையிலுள்ள இரும்பை உடம்பு ஏற்கவும் அது துணைசெய்கிறது. வல்லாரைச் சம்பலுக்கு அடுப்பே வேண்டாம். ஆனால் கீரையை அரிந்த பின் கழுவுவதும், பச்சை நிறம் மாறாதிருக்க அப்பச்சோடாப் போடுவதும் கெட்ட பழக்கங்கள். சோடா தயமினையும் சியையும் அழித்துவிடும்.

இத்தனைக்கும் பின்னர் சைவ அன்பர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லியாகவேண்டும். பி12 எந்தக் கீரையிலும் இல்லை. எந்தத் தானியத்திலும் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றிலேதான் உண்டு. பாலும் தயிரும் தாராளமாக உண்டவரைக்கும் சைவருக்குக் குறைவில்லை. பசு வளர்த்த வீடுகள் அருகி, தேநீரிலே கலக்கும் கரண்டிப் பால்மாவோடு பாற்பாகம் முடிந்துவிடும் இக்காலத்தில் அப்படிச் சொல்லமுடியுமா? முதியோருக்கு இது குடலில் ஏறுவதும் குறைவு. நீரிழிவுக்காக ஆண்டுக்கணக்காக மெற்போமின் விழுங்குவோரிடத்தும் இச்சத்துக் குறைவதுண்டு. கால் எரிவையும் விறைப்பையும் 'சீனி வருத்தத்தால் வந்தது' என்று விட்டுவிடாமல், இரத்தத்திலே பி12 அளவையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேட்பது நன்று. பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை தெளிந்ததுபோலத் தோன்றும். நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். கண்டபடி மாத்திரை வாங்கி விழுங்குவது ஆகாது என்பதற்கு இது ஒன்றே போதும். பி6ஐ அளவுக்கு மீறி நெடுநாள் உண்டாலும் நரம்பு கெடும்.

கமக்காரரிடமும் இல்லத்தரசிகளிடமும் மட்டும் பாரத்தைச் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கப்போவதில்லை. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையாரையும் கல்வித் திணைக்களத்தாரையும் கேட்கிறோம்: பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காலையிலே ஒரு கோப்பை இலைக்கஞ்சி கொடுக்க, அச்சுவேலித் தோட்டங்களிலிருந்தே நேரே கீரை வாங்கினால் என்ன? சந்தையிற் கீரை மலிந்து கமக்காரர் வாடி நிற்கும் நாட்களில் அவருக்கும் அது கைகொடுக்குமே! கூட்டுறவுச் சங்கங்களைக் கேட்கிறோம்: தீட்டல் பச்சையை அடுக்கிவைத்திருக்கும் இடத்திலே தீட்டாத பச்சைக்கும் சிவப்புப் புழுங்கலுக்கும் இடமில்லையா? ஆலைக்காரரைக் கேட்கிறோம்: வெள்ளை வெளேரென்று பளபளக்கும்வரை தீட்டித்தான் ஆகவேண்டுமா?

மாரி நெல் அறுவடையாகி ஆலைக்கு வரும் தை மாசிக்கு இன்னும் நாளுண்டு. நெல்லுச் சாக்கை இறக்கும் கமக்காரர், 'ஒருமுறைக்கு மேல் தீட்டவேண்டாம்' என்று சொல்லிவிட்டு நிற்பாராயின், ஆலைக்காரர் மறுக்கப்போவதில்லை. மின்சாரக் கூலியும் அவருக்குக் குறையும். சபையாரும் சங்கத்தாரும் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கேட்க, அவர்களின் மறுமொழிக்கு இப்பத்தியிலே இடம் வைத்திருக்கிறோம்.