தோட்டத்துக் கத்தரி, வீட்டுப் பனீர், மொறுமொறு ரொட்டி

கேள்வி: பொங்கல் விடுமுறைக்கு மகன் தன் அலுவலக நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்து வருகிறான். மாலையில் கொடுக்க ‘க்ரோஸ்டினி’ என்று ஏதோ சொல்கிறான்; டவுனில் வாங்கி வந்துவிடலாம் என்கிறான். வீட்டில் இரண்டு கறவை மாடு, கொல்லையில் கத்தரி, தக்காளி எல்லாம் இருக்கும்போது காசு கொடுத்து வாங்க வேண்டுமா? நாமே செய்ய முடியாதா?
– வாசகி, ஸ்ரீரங்கம் வட்டம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். பெயர்தான் புதிது. க்ரோஸ்டினி என்றால் இத்தாலி மொழியில் ‘சிறு வறுத்த ரொட்டிகள்’ என்று பொருள். ரொட்டித் துண்டை மொறுமொறுப்பாக வாட்டி, அதன்மேல் சுட்ட காய்கறியும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தருவது. நேற்றைய சோற்றில் நீர் ஊற்றி வைப்பதுபோல, காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் இருக்க அந்த ஊர்க் குடியானவர்கள் கண்ட வழி அது. ஸ்ரீரங்கத்துக்கும் ரொட்டி அந்நியமில்லை. பெரிய கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைவதும் நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம்தான்.

பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று 24 துண்டு கணக்கு. இதற்கு 2 லிட்டர் பசும்பால், ஒன்றேகால் கிலோ காய்கறி, உப்பு ரொட்டி (சால்ட் பிரெட்) ஒன்று போதும். இனிப்பு ரொட்டி சரிப்படாது. ரொட்டியை முதல் நாளே வாங்கி வைத்தால் ஈரம் குறைந்து நன்றாக மொறுமொறுக்கும்.

பனீர்: பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்ச வேண்டும். பச்சைப் பாலில் செய்யவே கூடாது. காசநோய், கன்று வீச்சு நோய்க் கிருமிகள் பால் வழியாக மனிதருக்கும் வரும். இறக்கி வைத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, லிட்டருக்கு ஒன்றரை எலுமிச்சம்பழச் சாறு வீதம் சம அளவு நீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். நீர் தெளிந்து இளம்பச்சையாகப் பிரிந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் சேர்த்தால் பனீர் புளிக்கும், இறுகும். பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிப் பிழிய வேண்டும். தடவுவதற்குத்தான் என்பதால் கல் வைத்து அழுத்தத் தேவையில்லை. லிட்டருக்குச் சுமார் 150 கிராம் கிடைக்கும். எருமைப் பாலென்றால் இன்னும் கூடும். உப்பு, மிளகுத்தூள், ஒரு கரண்டி தயிர் சேர்த்துப் பிசைந்தால் தடவும் பதத்துக்கு வரும்.

பாலைத் திரிய விடக்கூடாது என்று நினைக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் வேறு வழியும் உண்டு. கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, குளிர்பதனப் பெட்டிக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் ஆறு மணி நேரம் வைத்து நீரை வடித்தால் போதும். கடையில் சீஸ் வாங்குபவர்கள், சைவம் மட்டும் சாப்பிடும் வீடாக இருந்தால், உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சிலவகை சீஸில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி சேர்க்கப்படுகிறது.

பனீர் வடித்த நீரைக் கொட்ட வேண்டாம். அதில் புரதமும் சர்க்கரையும் இருக்கின்றன. சப்பாத்தி மாவு பிசையலாம், பருப்பு வேகவைக்கலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

காய்கறி: கத்தரி அரைக்கிலோ, தக்காளி அரைக்கிலோ, மீதி சின்ன வெங்காயமும் பஜ்ஜி மிளகாயும். குடைமிளகாய்தான் வேண்டும் என்றில்லை. திருச்சி வெயிலில் அதற்குப் பூ உதிரும், நிழல்வலை இல்லாமல் காய்ப்பது சிரமம். காய்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றினால்தான் இனிப்பும் மணமும் திரளும். அதனால் அரை அங்குலத் துண்டாக நறுக்கி, நல்லெண்ணெய் பிசறி, கனமான இரும்புத் தோசைக்கல்லில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூடாமல் வாட்ட வேண்டும். குவித்துப் போட்டாலோ மூடி வைத்தாலோ காய் வேகுமே தவிர சிவக்காது. தக்காளியைத் தனியாக வாட்ட வேண்டும். சேர்த்துப் போட்டால் அதன் சாறு மற்றதையும் நனைத்துவிடும். ஓவன் இருப்பவர்கள் 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் வைக்கலாம். உப்பைக் கடைசியில் போட வேண்டும். வெங்காயம் சேர்க்காத வீடுகளில் இஞ்சியும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்கினால் குறை தெரியாது.

பரிமாறுவது: ரொட்டியை விரலளவு கனத்தில் சிறு துண்டுகளாக நறுக்கி, அதே கல்லில் சிறு தீயில் இரு புறமும் பொன்னிறமாக வாட்ட வேண்டும். முதலில் பனீர், அதன்மேல் காய் என்பதுதான் வரிசை. பனீர் நடுவில் இருந்தால் காயின் ஈரம் ரொட்டிக்கு உடனே இறங்காது. விருந்தினர் உட்கார்ந்த பிறகு அடுக்கினால் போதும். முன்கூட்டியே அடுக்கி வைத்தால் அரை மணி நேரத்தில் நமத்துவிடும்.

கேள்வி: சந்தையில் கழிக்கும் கத்தரிக்காயை இதற்குப் பயன்படுத்தலாமா? எங்கள் காயில் பாதிக்குமேல் ஓட்டை.
– வாசகர், மணிகண்டம்

பதில்: கழிவில் இரண்டு வகை உண்டு. வளைந்தது, சிறுத்தது, நிறம் குறைந்தது, தழும்பு விழுந்தது – காந்தி மார்க்கெட்டில் விலை போகாவிட்டாலும் இவற்றின் ருசியில் குறையில்லை. சுடுவதற்கு இவையே போதும். ஓட்டை விழுந்த காய் வேறு. அது தண்டு மற்றும் காய்த்துளைப்பான் வேலை. உள்ளே புழுவும் அதன் எச்சமும் இருக்கும். அதைச் சமைக்கவும் வேண்டாம், வரப்பில் வீசவும் வேண்டாம். வீசினால் புழு கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகி மறுபடி அதே வயலுக்கு வரும். ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும்.

நுனித்தண்டு வாடித் தொங்குவதுதான் முதல் அறிகுறி. வாடிய நுனியை வாரம் ஒருமுறை கிள்ளி அழிப்பது, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பது ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தால் சேதம் குறையும்.

இன்னொன்று மிக முக்கியம். பூச்சிமருந்து அடித்த வயலில், டப்பாவின் துண்டறிக்கையில் குறித்திருக்கும் காத்திருப்புக் காலம் முடியாமல் காய் பறிக்கக் கூடாது. செடிக்குள் ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது. சுட்டால் சரியாகிவிடும் என்றும் நம்பக் கூடாது. சந்தைக்குப் போகும் காய்க்கும் வீட்டுக்கு வரும் காய்க்கும் இதில் வேறுபாடு இல்லை. விருந்தினருக்குக் கொடுக்கத் தயங்கும் காயை ஊராருக்கு விற்பதும் தகாது.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில், சுட்ட காய்கறியை எண்ணெயில் ஊறவைத்துப் பாட்டிலில் அடைத்து, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்தில் விற்கலாம் என்று நினைக்கிறோம். சரிவருமா?
– வாசகி, லால்குடி

பதில்: இந்த யோசனையை இப்போதே கைவிடுவது நல்லது. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்குக் காரணம் எண்ணெய் மட்டுமல்ல; புளிப்பும் உப்பும்தான். சுட்ட கத்தரி, வெங்காயம், பூண்டில் போதிய புளிப்பு கிடையாது. எண்ணெய்க்குள் காற்றும் புகாது. புளிப்பில்லாத, காற்றில்லாத அந்த இடம் ‘போட்டுலிசம்’ என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமிக்கு மிகவும் ஏற்றது. நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலேயே நஞ்சு இருக்கலாம். நரம்பைத் தாக்கி உயிரையே பறிக்கும். வீட்டில் செய்தாலும் மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிட வேண்டும். பனீரையும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பெட்டியில் வைத்தாலும் மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும்.

விற்க விரும்பினால், வாட்டிய ரொட்டியைத் தனியாகவும் பனீரைக் குளிர்ப்பெட்டியிலும் எடுத்துப் போய், காயை அங்கேயே வாட்டி, கேட்பவருக்கு உடனே அடுக்கிக் கொடுக்கலாம். ஆரம்பிக்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். பனீர் என்ற பெயரில் விற்றால் அதில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உலர்பொருளில் பாதியாவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். அதனால் கொழுப்பு எடுத்த பாலைக் கலக்க இயலாது. பதப்படுத்தும் முறைகளை முறையாகக் கற்க விரும்பும் குழுக்கள் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் நிறுவனத்தையோ அணுகலாம்.

பொங்கலுக்குச் சொந்தக் காய் வேண்டுவோர் கவனத்துக்கு: கத்தரி நாற்றங்காலில் ஐந்து வாரம், நட்ட பின் முதல் பறிப்புக்கு ஏறத்தாழ இரண்டு மாதம். ஆக, புரட்டாசி முடிவதற்குள் விதைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தியிலோ பழைய சாக்குப் பையிலோ வைத்தால், பத்துச் செடியே ஒரு குடும்பத்துக்கும் அதன் விருந்தினருக்கும் போதும்.